கொட்ட முடியாத தண்ணீர்

என் உயிரான மச்சானுக்கு,

நீங்கள் போனதிலிருந்து நாலு மாதம் பத்து நாள் நான் அடைந்திருக்க வேண்டிய இத்தா அறையிலிருந்து எழுதுகிறேன். உங்களைக் கொண்டுபோன அதே டெங்கு இப்போது நம் ரிஸ்வானாவுக்கும் வந்துவிட்டது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் உங்கள் உம்மா கூட இருக்கிறார். "இத்தா முடியாம வாசல் தாண்டுனா ஊரு என்ன பேசும்?" என்று என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார். பிள்ளை அங்கே, நான் இந்த நாலு சுவருக்குள்.

சிங்கப்பூரிலிருந்து கடைசியாக லீவில் வந்தபோது செய்த அமர்க்களம் நினைவிருக்கிறதா? "அங்கன பூந்தொட்டித் தட்டுல தண்ணி நின்னாலே கொசு வருமுன்னு ஆபீசர் வந்து ஃபைன் போட்டுருவாரு" என்று தெருவிலிருந்த டிரம்மையெல்லாம் கவிழ்த்தீர்கள். பக்கத்து வீட்டு ஜமீலா லாத்தா விளக்குமாற்றோடு வந்தார்.

"ஏலே, இனி லாரி அடுத்த வாரந்தான் வரும். ஒம் பொண்டாட்டியா வந்து எனக்குத் தண்ணி சொமப்பா?"

அசடு வழிய நம் தண்ணீரையே இறைத்துக் கொடுத்தீர்கள். அப்புறம் யார் டிரம்மையும் தொடவில்லை.

உங்கள்மேல் கோபமாக வருகிறது, மச்சான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற ஊரின் சட்டத்தை அப்படியே இங்கே இறக்கினால் யார் கேட்பார்கள்? கொட்டாதே, மூடி வை என்று சொல்ல உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? எனக்கும்தான் ஏன் தோன்றவில்லை?

உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓத வருகிறவர்கள் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்வதற்காக முற்றம் முழுக்க டிரம் நிரப்பினோம். மிச்சத்தைக் கொட்ட யாருக்கும் மனசு வரவில்லை. நேற்று எட்டிப் பார்த்தேன், புழு துள்ளுகிறது. உங்களுக்காக ஓதிய வீட்டிலேயே கொசு வளர்த்திருக்கிறோம்.

முற்றம்வரை போக எனக்குத் தடையில்லை. வாசனை போய்விடுமென்று துவைக்காமல் வைத்திருந்த உங்கள் கைலிகளை எடுத்துத் துவைத்தேன், கிழித்தேன். தண்ணீரை வடிகட்டி, ஒவ்வொரு டிரம்மின் வாயையும் இறுக்கிக் கட்டினேன். அழுதுகொண்டேதான் கட்டினேன். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த ஜமீலா லாத்தா, "எனக்கும் ரெண்டு துண்டு குடு" என்றார்.

ஒரே ஒரு கைலியை மட்டும் எனக்கென்று ஒளித்து வைத்திருந்தேன். இன்று காலை ரிஸ்வானா போனில், "உம்மா, குளுருது. வாப்பா கைலி ஒண்ணு குடுத்து விடு" என்றாள். லாத்தா கையில் கொடுத்து பஸ்ஸில் அனுப்பிவிட்டேன். அதை நான் துவைக்கவில்லை.

இத்தா முடிந்ததும், உங்கள் ஆபீசரைப் போலவே வாராவாரம் ஒவ்வொரு கதவையும் தட்டுவேன். ஃபைன் போட மாட்டேன், ஒரு சொட்டும் கொட்டச் சொல்ல மாட்டேன். கையில் துணியும் கயிறும் இருக்கும். கூடவே ரிஸ்வானாவும் வருவாள். வருவாள்தானே, மச்சான்?

உங்கள் பிள்ளையின் உம்மா,
மைமூன்