மூக்காயியின் கறுப்புப் பொட்டலம்

கண்டி, 12.7.1936

உம்மாவுக்கு மகன் ஸாலிஹின் ஸலாம். நான் சுகம். வாப்பாவின் இருமல் குறைந்ததா?

ஆஸ்பத்திரியில் வாய்ப்புற்றுக்கு ரேடியம் வைக்கும்போது, கறுப்புக் கடதாசியில் சுற்றிய சிறு பிலிமைக் கன்னத்தில் ஒட்டுவேன். பிறகு மருந்தில் கழுவினால் அது எவ்வளவு கறுக்கிறதோ, அவ்வளவு கதிர் பட்டிருக்கிறது. நேற்று ஹுன்னஸ்கிரிய தோட்டத்து மூக்காயியின் பிலிம் கறுக்கவே இல்லை. ரேடியம் எங்கேயும் விழுந்துவிட்டதோ என்று டாக்டர் பதறிவிட்டார். கேட்டால், பிலிமைத் தாயத்து என்று நினைத்துக்கொண்டு, "வாயில வடியிற எச்சில் தாயத்துல படலாமா தம்பி? கழட்டி ஜன்னல்ல வச்சிருந்து, நீங்க வர்ற நேரம் ஒட்டிக்கிட்டேன்" என்கிறா.

இன்று மறுபடி ஒட்டினேன். நன்றாகக் கறுத்திருக்கிறது. புண்ணும் காய்கிறது, சோறு கேட்கிறா.

இங்கே குளிர், ஒரு போர்வை வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம். உங்கள் வாய்ப்புண் இன்னும் ஆறவில்லை என்று ராத்தா வீட்டிலிருந்து எழுதியிருக்கிறா. போர்வையை நீங்களே கொண்டு வாங்க உம்மா. பிலிமை நானே ஒட்டுவேன், நீங்கள் கழட்டாமல் இருந்தால் போதும்.

வார்டு மணி அடிக்கிறது.

ஸாலிஹ்