கழுவ வேண்டிய ஒரு வரி

அண்ணி,

இன்று காலை எழுந்ததும், பால்கூடக் காய்ச்சாமல் நான் செய்த முதல் வேலை, சுவர் கழுவுகிற உங்கள் தண்ணீர் மிஷினின் பிளக்கைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டதுதான். அதன் பிறகே ஸ்பேனரை எடுத்தேன். மூடியைக் கழற்றியதும் பழைய கிரீஸும் ஈர ரப்பரும் கலந்த வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கையிலிருந்து வந்த அதே வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையாலேயே நீங்கள் சோறு பிசைவீர்கள், நான் முகம் சுளிப்பேன். "இன்னா மகாராணி, கிரீஸு நாத்தம் அடிக்குதா? கொழம்புல ஒரு ஸ்பூன் போட்டுத் தரட்டா?" என்பீர்கள்.

பிளக்கை இடுப்பில் செருகுவது உங்கள் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். தங்க மைனில் மிஷினைப் பிரிக்கிறவர் ஃபியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவாராம். வெளியே நிற்பவன் எவ்வளவு வேண்டியவனாக இருந்தாலும் அவன் பொறுப்பில் விடமாட்டாராம். "சுச்சுகிட்ட நிக்கறவன் கூடப்பொறந்த அண்ணனா இருந்தாலும் நம்பாத" என்று சிரித்துக்கொண்டே சொல்வீர்கள்.

நீங்கள் அண்ணனை நம்பினீர்கள்.

மிஷின் போன வாரம் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மோட்டார் இரைந்தது, பீச்சுகிற துப்பாக்கியின் முனையிலோ தண்ணீர் சும்மா ஒழுகியது. "மோட்டார் போயிருக்கும், வுடு, புதுசு வாங்கிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி. "மோட்டார் இல்லடா, பம்ப்புதான் அவுட்டு" என்றார் உங்கள் அண்ணன். இரண்டு பேரும் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றிப் பார்க்கவில்லை.

உங்கள் அண்ணனுக்கு அவசரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதலாம் ஆண்டு நினைவு நாள். தெருச் சங்கத் தலைவர் அல்லவா, ஆட்களைக் கூப்பிட்டு மாலை போட ஏற்பாடு செய்திருக்கிறார். நம் காம்பவுண்டுச் சுவரில் தெருவைப் பார்த்து உங்களை வரைய வைத்திருக்கிறார். ஓர் ஓரத்தில் நீங்கள், நடுவில் கைகூப்பிய கோலத்தில் அவர். அவருடைய மீசையே உங்கள் முகத்தின் அகலம் இருக்கிறது. உங்கள் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'திருமணமே வேண்டாம் என்று குடும்பத்துக்காகவே வாழ்ந்த தியாகச் சுடர்.' அதற்குக் கீழே அவர் பெயர்.

நேற்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாமா, மிஷின் ஓடுமா ஓடாதா?"

"ஓடும் மாமா."

"ஞாயித்துக்கெழம செவுரு பளிச்சுனு இருக்கணும். சயனைட் மேட்டுத் தூசு துளிகூட இருக்கக் கூடாது. அவளுக்கு ஒரு மருவாத வேணாமா?"

"கண்டிப்பா மாமா. நானே கழுவறேன்."

வீட்டுக்கு வாய்த்த நல்ல மருமகள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

மிஷினின் நான்கு போல்ட்டையும் கழற்றி மோட்டாரையும் பம்ப்பையும் தனித்தனியாகப் பிரித்தேன். மோட்டார் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றினேன், சுகமாகச் சுற்றியது. பம்ப்பையும் சுற்றிப் பார்த்தேன், அதிலும் ஒரு குறையும் இல்லை. இரண்டையும் சேர்க்கிற கப்ளிங்குக்குள், ஷாஃப்ட்டை இறுக்கிப் பிடிக்க ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும் அல்லவா, அதுதான் நொறுங்கிக் கிடந்தது. இந்தப் பக்கம் மோட்டார் தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது. அந்தப் பக்கம் பம்ப் ஒன்றும் தெரியாமல் நின்றிருக்கிறது. நாங்கள் இரண்டின் மீதும் பழி போட்டிருக்கிறோம்.

அந்தத் தூளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டேன். ஒரு வருடமாக உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருப்பதை இனியாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஆடிக் காற்றில், மைனில் தங்கம் பிரித்த பிறகு கொட்டி வைத்த சயனைட் மேட்டின் தூசு தெருவெல்லாம் பறந்து வந்து அப்பும்போது நீங்களும் நானும் சுவர் கழுவுவோம். இந்த மிஷினை வாங்கிய முதல் நாளே கொடியில் காய்ந்த உங்கள் அண்ணனின் வேட்டியை அடித்துச் சாக்கடையில் தள்ளினீர்கள். "தெரியாம பட்டுடுச்சுண்ணா" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டீர்கள். அன்று சிரித்துச் சிரித்து ஓய்ந்த பிறகுதான், தொழிற்சாலையில் உங்களோடு ஒரே மெஷின் ஷாப்பில் வேலை செய்த, மைசூர் மைன்ஸ் ஏரியாவில் குடியிருந்த ஒருவரைப் பற்றி என்னிடம் சொன்னீர்கள்.

"பொண்ணு கேக்கறேன்னாரு. எங்க அண்ணனே போயி பேசிச்சு. அவங்களுக்கு நான் வேணாமாம். மூஞ்சி புடிக்கல போல."

சொல்லிவிட்டுத் துப்பாக்கியை அழுத்தினீர்கள். அதற்குமேல் பேச்சு கேட்கவில்லை. நீங்கள் ஏன் எந்தக் கல்யாணத்திலும் போட்டோவுக்கு நிற்பதில்லை என்பது எனக்கு அன்று புரிந்தது. உங்கள் அண்ணன் படம் வரையக் கொடுக்கத் தேடியபோது வீட்டில் ஒன்றுகூட இல்லை. தொழிற்சாலை அடையாள அட்டையில் இருந்த, திடுக்கிட்டதுபோல் விழிக்கிற அந்த முகத்தைத்தான் பெயின்டர் பார்த்து வரைந்தார்.

அண்ணி, அந்த மைசூர் மைன்ஸ்காரர் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் அவர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. உங்கள் அண்ணன் வீட்டில் இல்லை. உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"உங்க வீட்டுப் பெரியவர் வந்து, தங்கச்சிக்கு வலிப்பு வரும்னு சொன்னாரும்மா. வந்தா வரட்டும், நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். ஒரு வாரம் கழிச்சு மறுபடி வந்தாரு. அவளுக்கே இஷ்டம் இல்லியாம், இனிமே அவகிட்ட பேசாதன்னுட்டாரு. நானும் பெரிய ரோஷக்காரன் மாதிரி ஷிஃப்ட்ட மாத்தி வாங்கிகினேன். ஒரு வார்த்த நேரா கேட்டிருக்கலாம்."

உங்களுக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்லை. படுக்கையில் விழுந்த உங்கள் அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதற்காக உங்கள் அண்ணன் அந்தப் பக்கம் ஒரு பொய், இந்தப் பக்கம் ஒரு பொய் சொன்னார். இப்போது மூன்றாவது பொய்யைச் சுவரில் எழுதி, அடியில் தன் பெயரையும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

என் வீட்டுக்காரரிடம் அன்றே சொன்னேன். "இப்ப போயி அதக் கெளறாத. செத்தவங்க திரும்பி வரப் போறாங்களா?" என்றார். வரமாட்டீர்கள். நீங்கள் போகும்போது உங்கள் முகத்தையே குற்றவாளியாக்கிக்கொண்டு போனீர்கள். அதற்காக உங்கள் அண்ணனை என்னால் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்க முயற்சி செய்யவும் போவதில்லை.

உங்கள் டப்பாவில் கிடந்த ஓர் இரும்புத் துண்டை எடுத்து அரத்தால் ராவினேன். கொஞ்சம் ராவுவது, வைத்துப் பார்ப்பது, மறுபடி ராவுவது. விரல் நுனி தோல் உரிந்தது. கடைசியில் லேசாகத் தட்டியதும் ஆட்டமில்லாமல் உட்கார்ந்தது. கப்ளிங்கை மாட்டி, அதன் திருகை முறுக்கி, போல்ட்டுகளை இறுக்கினேன். இடுப்பிலிருந்த பிளக்கை எடுத்துச் சமையலறையில் மாட்டினேன். குழாயைத் திறந்து துப்பாக்கியை அழுத்தினேன். துவைக்கிற கல்லில் பட்ட தண்ணீர் சீறிய சீறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பெயின்டர் வரைந்தபோது சுவரைக் கழுவாமலே வரைந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "தூசு மேல அடிச்ச பெயின்ட்டு தூசோடவே போயிடும்" என்று நீங்கள் சொல்வீர்களே, அதை உங்கள் அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து நின்ற பிறகுதான் கழுவத் தொடங்குவேன். உங்கள் முகத்தையும் பெயரையும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மறைத்துவிடுவேன். அவர் படத்தையும் பெயரையும் தொடமாட்டேன், அவை அங்கேயே இருக்க வேண்டும். அந்த ஒரு வரி மட்டும் போகும். உங்கள் பெயருக்கும் அவர் பெயருக்கும் நடுவில் வெறும் சுவர் தெரியும். "இங்க இன்னா எழுதியிருந்துச்சு?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவரைக் கேட்பார்கள். ஏன் அழித்தாய் என்று என்னைக் கேட்பார்கள். அந்த மைசூர் மைன்ஸ்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் தெருவுக்கே கேட்கும்படி சொல்வேன். மறுபடி எழுதினால் மறுபடி கழுவுவேன். மிஷின் கெட்டுப்போனால் பிரிக்கவும் சேர்க்கவும் எனக்குத் தெரியும்.

இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரருக்குக்கூட. முதல் எழுத்து உரியும்போதே உங்கள் அண்ணன் பிளக்கைப் பிடுங்க உள்ளே ஓடுவார். சமையலறையைப் பூட்டிவிட்டுத்தான் வெளியே வருவேன். சாவி என் இடுப்பில் இருக்கும்.