ராத்திரி அவள் எங்கே போகிறாள் என்று கேட்டாயே

மார்த்தாண்டம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சுஜினுக்கு அப்பா பகவதியப்பன் எழுதுவது. நானும் அம்மாவும் ஆதிராவும் குட்டியும் இங்கே சுகம், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, உறக்கத்துக்குத்தான் குறை. மஸ்கட்டில் உனக்கு அந்தக் குறை இருக்காது என்று நம்புகிறேன். போன் இருக்க அப்பா எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தார் என்று யோசிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ "செரிப்பா, செரிப்பா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று நாலு செரி சொல்லி வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது பார். உன் கூட்டாளி அபிலாஷ் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே கிளம்புகிறான், அவன் கையில் ஏத்தங்காய் சிப்ஸோடு இதையும் கொடுத்து விடுகிறேன். முழுசும் வாசி. புதன்கிழமை போனில் என்னிடம் ஒன்று கேட்டாய், "அப்பா, ஆதிரா ராத்திரி பிள்ளையையும் தூக்கிட்டு எழும்பி எழும்பி எங்க போறா? கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா" என்று. நீ கேட்ட விதமே எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் ஆட்கள் நின்றார்கள், அதனால் பதில் சொல்லாமல் வைத்தேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பேறு கழிந்து ஆதிரா பத்மநாபபுரத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள், மூன்று மாதம் முடிந்து பிள்ளையோடு அழைத்து வந்தோம், நீயும் லீவில் வந்தாய். திரும்பிப் போகிற அன்று கட்டிலுக்கு நேரே சுவரில் ஒரு கேமராவை மாட்டினாய், அங்கே இருந்தே பார்க்கலாம், பேசலாம் என்றாய். தூரத்தில் கிடக்கிறவன், பிள்ளை மேல் ஆசை இருக்காதா என்று நானும் நம் ஹார்டுவேர் கடையிலிருந்தே ஸ்க்ரூ எடுத்துத் தந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி அதிலிருந்து உன் சத்தம் வந்தபோது அடுத்த அறையில் கிடந்த அம்மா, செத்துப்போன உன் தாத்தாதான் கூப்பிடுகிறார் என்று அலறிக்கொண்டு எழும்பி வீட்டிலுள்ள எல்லா லைட்டையும் போட்டுவிட்டாள். அதை நீ சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாய், பிறகு நடந்தது ஒன்றும் சிரிப்பில்லை. உனக்கு டூட்டி முடிகிற நேரம் இங்கே ஊர் அடங்கிக் கிடக்கும். ஆதிரா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் விடவைத்து, தன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கட்டிலில் கிடத்தியிருப்பாள். பச்சைப்பிள்ளை உறக்கத்தில் நெளியும், முனகும், முகத்தைச் சுளிக்கும், கொஞ்சம் பொறுத்தால் தானாக அடங்கிவிடும். நீ பொறுத்தால்தானே! சுவரிலிருந்து "ஏட்டி ஆதிரா, குட்டி முழிச்சிட்டா பாரு, எழும்பு" என்பாய். அதுவரை முழிக்காத பிள்ளை அப்போதுதான் முழிக்கும், அப்பா சத்தம் எங்கே என்று சுவரைப் பார்த்துச் சிரிக்கும், நீ விசில் அடிப்பாய், கொஞ்சுவாய், கண் குளிரப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாய். சிரிப்பு உனக்கு, அதற்குப் பிறகு வருகிற அழுகை எங்களுக்கு. முட்டுவலியை வைத்துக்கொண்டு அம்மா கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம் என்று ஹாலில் தூக்கிக்கொண்டு நடப்போம். மறுநாள் கடையில் உட்கார்ந்தபடியே உறங்கி, கதவுக்குக் கீல் கேட்ட ஜெயசிங்குக்குக் குழாய் எடுத்துப் பொதிந்து கொடுத்தேன். அவன் நல்லவன், சண்டை போடாமல் திருப்பிக் கொண்டுவந்தான்.

இதில் உன் உபதேசம் வேறு. ஒரு நாள், அழவிட்டுப் பழக்கணும், வீடியோவில் சொல்கிறார்கள் என்பாய், மறுநாள் பிள்ளை இரண்டு தடவை சிணுங்கினால் ஏன் அழவிடுகிறீர்கள் என்று எங்கள் மேலேயே சாடுவாய். உன் கூடத் தங்கியிருக்கும் எட்சனின் பிள்ளை விடியும்வரை அசையாமல் உறங்குகிறதாம், பால்பொடி டின் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டாய். ஏலே, எட்சனின் பிள்ளைக்கு இரண்டு வயசு! உன் பிள்ளைக்கு நாலாம் மாதம் நடக்கிறது. ஊசி போடப் போன இடத்தில் நானே டாக்டரிடம் கேட்டேன். இந்த வயசில் ராத்திரி எழும்பிக் குடிப்பது நோயொன்றுமில்லை, குட்டி வயிறு, சீக்கிரம் பசிக்கும், வெளிச்சத்தைக் குறைத்து, விளையாட்டுக் காட்டாமல், சத்தம் போடாமல் பாலைக் கொடுத்துக் கிடத்துங்கள், தாய்க்குப் பகலில் உறங்க இடம் கொடுங்கள் என்றார். சத்தம் போடாமல் என்று அவர் சொன்னபோது அம்மா என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். மருமகள் காரியம், எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேணும் என்று அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். கேமரா மாட்டிய நாளிலிருந்து ஆதிரா அந்த அறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்ததே இல்லை. நீ பார்ப்பதில் அவளுக்கு ஒன்றுமில்லை. அங்கே ஒரே ரூமில் ஆறு பேர் கிடக்கிறீர்கள், உன் கையில் இருக்கிற போனைப் பக்கத்துக் கட்டில்காரன் எட்டிப் பார்க்க மாட்டான் என்பதற்கு அவளுக்கு என்ன உறுதி? உன்னிடம் சொன்னால், எனக்க கூட்டுக்காரனுவள சந்தேகப்படுதியா என்று நீ சாடுவாய் என்று பயந்து, பிள்ளை எழும்பும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போயிருக்கிறாள். கட்டிலில் சரிந்து கிடந்து கொடுக்க வேண்டியவள், கிரைண்டர் பக்கத்தில் கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கொடுத்திருக்கிறாள். வீட்டிலேயே இருக்கிற எங்களுக்கும் இது தெரியவில்லை, பிறகு அம்மா கேட்டபோதுதான் எல்லாம் சொன்னாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் தண்ணீர் குடிக்க எழும்பிப் போனால், அவள் தலை தொங்கி நல்ல உறக்கத்தில் இருக்கிறாள், கை தளர்ந்து கிடக்கிறது, பிள்ளை மடியிலிருந்து பாதி நழுவித் தலை கீழே சாய்ந்து கிடக்கிறது, சுற்றியிருந்த துண்டு நாற்காலிக் கையில் மாட்டியதால் விழவில்லை. கீழே கிரைண்டரின் இரும்புக் கால். நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது, பிள்ளையை வாரிப் பிடித்துவிட்டேன். ஆதிரா திடுக்கிட்டு எழும்பி, பிள்ளையைத் தடவிப் பார்த்து, அழுதுகொண்டே சொன்னது என்ன தெரியுமா, "மாமா, அவியகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றாள். அவள் சொல்லி முடிக்கவில்லை, படுக்கையறையிலிருந்து உன் சத்தம் கேட்கிறது, "ஆதிரா, எங்க போன? கட்டில்ல ஆளக் காணோம்?" எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சுவரையே இடித்திருப்பேன். உன் பிள்ளையின் தலை உடையாமல் தப்பிய நேரத்தில் உனக்குக் காலிக் கட்டில்தான் கண்ணில் பட்டது. விடிந்ததும் என்னைக் கூப்பிட்டு அவள் எங்கே போகிறாள் என்று விசாரணை வேறு!

அன்றைக்குச் சாயங்காலமே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கேமராவைக் கழற்றினேன். நெட் இல்ல மக்கா என்று அம்மா உன்னிடம் சொன்னது பொய், நெட்டுக்கு ஒரு கேடும் இல்லை. அபிலாஷ் தருகிற பொட்டியில் சிப்ஸுக்கு அடியில் அதைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அங்கே உன் கட்டிலுக்கு நேரே மாட்டு, நீ உறங்குகிற நேரம் பார்த்து நானும் ஒரு நாள் கூப்பிடுகிறேன், எப்படி இருக்கிறது என்று சொல். இங்கே இப்போது ஆதிரா அறைக்குள்ளேயே பால் கொடுக்கிறாள், கொடுத்ததும் கதவைத் தட்டுவாள், பிள்ளையைத் தட்டி ஏப்பம் எடுப்பது நானும் அம்மாவும். மத்தியானம் சோறு உண்டதும் அவள் படுக்க வேண்டும், அப்போது அடுக்களைப் பக்கம் வரக் கூடாது என்று அம்மா உத்தரவு.

உன்னைப் பிள்ளையைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. பெற்றவன் நீ, ஏங்கத்தான் செய்வாய், அது எனக்குத் தெரியாதா. காலையில் குளிப்பாட்டிப் பவுடர் போட்டதும் கூப்பிடு, கை கால் உதறிச் சிரிப்பாள், வயிறு நிறையப் பார். எடுத்த உடனே குட்டியைக் காட்டு என்று நிற்காதே, நீ ஒறங்கினியா என்று முதலில் ஆதிராவிடம் கேள். நடந்ததை நான் எழுதியதாக அவளிடம் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். நேரத்துக்கு உண்ணு, வெயிலில் தொப்பி போடாமல் நிற்காதே. பகவதி அம்மை உனக்குத் துணை இருப்பாள், உன் அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. ராத்திரி அவள் எங்கே போகிறாள் என்று கேட்டாய் அல்லவா, இப்போது எங்கும் போவதில்லை மக்கா, உறங்குகிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
பகவதியப்பன்