பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டது குறித்து

அனுப்புநர்:
ஃபிர்மென் டுவில்,
பயண வண்டிகள் நிற்கும் மைதானம்,
ஆற்றுப்பாலம் அருகில், இசுவார்.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
வணிகப் பெயர் எதிர்ப்பு மனுக்கள் பிரிவு,
பாரிஸ்.

பொருள்: வீடியோ கேம் ஒன்றின் பெயரைப் பதிவு செய்வதை எதிர்த்து நான் அனுப்பிய மனு, பெயர்க் கட்டம் நிரப்பப்படவில்லை என்று திரும்பி வந்தது – கட்டத்தை வெறுமையாகவே விட்டு ஏற்றுக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

என் கோணல் கையெழுத்துக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சரிவில் நிறுத்திய வண்டிகளைப் போல எழுத்துகள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. சென்ற குளிர்காலத்தில்தான் நூலகத்து வியாழக்கிழமை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றேன். அரசாங்கத்துக்கு என் கையாலேயே எழுதும் முதல் கடிதம் இது. இதில் ஆங்காங்கே என் சந்தோஷம் தென்பட்டால் அதையும் பொறுத்தருள வேண்டும்.

1. நாங்கள் மனூஷ் மக்கள், வண்டிகளிலேயே வாழும் நாடோடி இனத்தவர். எங்களில் ஒருவர் இறந்துவிட்டால் அவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை. மறந்துவிட்டதால் அல்ல, மரியாதையால். காலமான என் அண்ணன் சந்தைகளில் குடைராட்டினம் நடத்தியவர். அவருடைய பெயர் ராட்டினத்தின் நெற்றியில் சிவப்பில் எழுதியிருந்தது. எனக்கு அது எழுத்தாகத் தெரிந்ததே இல்லை, கடைசியில் வால் சுருண்ட ஒரு படம், அவ்வளவுதான். அவர் போனபின் வழக்கப்படி ராட்டினத்தையும் எரித்துவிட்டோம்.

2. இந்தக் கோடையின் முடிவில் க்ளெர்மோனிலிருந்து சோலென் என்ற இளம்பெண் எங்கள் மைதானத்துக்கு வந்தார். வீடியோ கேம் செய்பவர். பழைய ராட்டினம் ஒன்றைப் பழுதுபார்த்து ஊர் ஊராக ஓட்டிப் போவதுதான் அவருடைய விளையாட்டு. நானும் விளையாடினேன். ராட்டினத்தை ஆற்றுக்குள் விட்டேன். மிக நல்ல விளையாட்டு. அதற்கு எதிராக எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

3. அதற்குப் பெயர் வைக்க அவர் பட்ட பாட்டைக் கேட்டு வியந்துபோனேன். முதலில் வைத்த பெயரை ஸ்பெயினில் ஒரு சீட்டாட்டக் கம்பெனி முன்பே பதிவு செய்திருந்ததாம். "சீட்டு வேற, உன் விளையாட்டு வேறதானே பொண்ணே?" என்றேன். "ரெண்டும் விளையாட்டுதானே ஐயா, வாங்குறவங்க குழம்பிடுவாங்கன்னு சட்டம் சொல்லுது. அவங்க சோப்பு வித்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றார். அடுத்து 'ராட்டினம்' என்றே வைக்கப் பார்த்தாராம். அது பொருளின் பெயர், அதை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்றாராம் வக்கீல். ஒரே பெயர் சோப்புக்கும் விளையாட்டுக்கும் இருக்கலாம், ஆனால் இரண்டு விளையாட்டுகளுக்கு இருக்கக் கூடாது என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லுக்கு வேலி கட்டுவதற்கு ஓர் அலுவலகமே இருப்பது எனக்கு இதுவரை தெரியாது.

4. மூன்றாவதாக, தான் சிறுமியாக இருந்தபோது ஏறிச் சுற்றிய ராட்டினத்தின் பெயரையே அன்போடு வைத்துவிட்டார். அதை வெளியிடும் கம்பெனி உங்களிடம் பதிவுக்கும் கொடுத்துவிட்டது. பிறகுதான் வக்கீல், "அது ஒரு மனுஷனோட பேராச்சே, குடும்பத்துக்கிட்ட கேட்டீங்களா?" என்றிருக்கிறார். எங்கள் சம்மதத்தை வாங்கத்தான் சோலென் வந்திருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

5. இனி நடந்ததை எழுதக் கை தயங்குகிறது. அவர் தம் கணினியைத் திறந்து தலைப்பைக் காட்டினார். பெரிய சிவப்பு எழுத்துகள். எனக்கு ஒரே உற்சாகம். "நீ சொல்லாதே பொண்ணே, நானே படிக்கிறேன்" என்றேன். வகுப்பில் செய்வதுபோல ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து உரக்கச் சொல்லி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சொல்லாகவும் சொன்னேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்ன என்று என் காதில் விழுந்தது.

6. எதிரே என் அண்ணி செலினா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். கணவர் போன நாளிலிருந்து அந்தப் பெயர் அவர் காதில் பட்டதில்லை. கத்தியை வைத்துவிட்டு எழுந்து ஆற்றோரம் போனார். பொழுது சாய்ந்துதான் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "எழுத்து தெரியாம நல்லாத்தானே இருந்தீங்க தம்பி! வாய மூடிக்கிட்டுப் படிக்க உங்க டீச்சர் கத்துக்குடுக்கலையா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

7. விளையாட்டு வெளிவந்தால் எங்கள் மைதானத்துப் பிள்ளைகளின் போன்களிலும் வரும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டுதான் ஓடுவார்கள். அண்ணிக்கு வயதாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஆற்றோரம் போக அவரால் முடியாது. சோலென் அழுதுவிட்டார். பெயரை மாற்ற அவர் தயார். கம்பெனிதான், "பதிவு அலுவலகம் எதிர்ப்பை ஏற்றால் மாற்றுகிறோம், இல்லையென்றால் இல்லை" என்கிறது. எதிர்க்கத் தந்திருக்கும் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது.

8. எனவே படிவத்தை நானே நிரப்பினேன். 'எதிர்க்கப்படும் பெயர்' என்ற கட்டத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. எழுதுவதும் சொல்வதும் ஒன்றுதானா? எங்கள் பெரியவர்கள் இதற்கு முடிவு சொன்னதில்லை. அவர்களில் யாருக்கும் எழுதத் தெரியாது. இதைச் சந்திக்கும் முதல் ஆள் நானாக இருக்கலாம். அண்ணியைக் கேட்டேன். "எழுதி வச்சா போறவன் வர்றவன் எல்லாம் சொல்லுவானே தம்பி. நீங்க ஒரு தடவ சொன்னதே போதாதா?" என்றார். கட்டத்தை விட்டுவிட்டேன்.

9. நீங்கள் திருப்பி அனுப்பியது விதிப்படி சரியே. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உங்கள் அலுவலகம் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஓர் எண் தருகிறது. எண்கள் எனக்கு எழுத்துகளுக்கு முன்பே பழக்கம், சந்தையில் குதிரை விற்றவன் நான். அந்த எண்ணைத் தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன். எந்தப் பெயர் என்று அது தவறாமல் காட்டிவிடும். என் அண்ணனுடைய உரிமை எந்தப் பெயர்மேல் என்று படிவம் கேட்கும் கேள்விக்கும் அதே எண்தான் பதில். எண்ணைச் சொல்வதால் யாரும் எழுந்து போக வேண்டியதில்லை.

ஆகவே, பெயர்க் கட்டத்தில் அந்த எண்ணையே ஏற்று, கெடுவுக்குள் என் எதிர்ப்பைப் பதிவு செய்து, அப்பெயரை எவருக்கும் தராதிருக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். விசாரணைக்காகக் கோப்பைத் திறக்கும்போது அந்தப் பெயர் தங்கள் கண்ணில் படத்தான் செய்யும். அப்போது மட்டும் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு படிக்கவும். நானும் அதைத்தான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். உதடு அசையாமல் ஒரு வரி வரைக்கும் வந்துவிட்டேன்.

பின்குறிப்பு: புதிய பெயரை என்னையே சொல்லச் சொன்னார் சோலென். ராட்டினத்தில் ஒரு கண்ணின் சாயம் உதிர்ந்த மரக்குதிரை இருந்தது. அதை 'ஒற்றைக்கண்ணி' என்போம். குதிரையின் பெயரைச் சொல்ல எங்களுக்குத் தடையில்லை. கேட்டதும், "அதுலதான் நான் ஏறுவேன்!" என்று சோலென் துள்ளினார். அண்ணியும் தலையாட்டினார். அந்தப் பெயரில் ஸ்பெயினில் யாராவது சீட்டு விற்கிறார்களா என்று வக்கீல் தேடிக்கொண்டிருக்கிறார். என்ன தெரிகிறதோ அதை அடுத்த வியாழன் வகுப்பில் தங்களுக்கு எழுதுவேன். எழுத்துகள் அதற்குள் கொஞ்சம் நிமிர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

இடம்: இசுவார்
நாள்: 12.10.2023

தங்கள் உண்மையுள்ள,
ஃபிர்மென் டுவில்
(கைரேகை அல்ல, கையொப்பம்)

இணைப்பு: விண்ணப்ப எண் எழுதிய தாள் – ஒன்று