பிரேக் சாருக்கு மிஞ்சிய சொல்

மார்ச் 4, செவ்வாய்

மருந்துக்கடை வேலை முடிந்து வந்தால் சமையலறை முழுக்கத் தண்ணீர். தொட்டிக்கு அடியில் குழாய் பாதி கழற்றியபடி கிடக்கிறது. குழாய்க்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "மிச்ச வேலைய நாளைக்கு வந்து முடிக்கட்டுமான்னு சார்கிட்ட கேட்டேம்மா. ரைட்டுன்னாரு. கிளம்பிட்டேன்" என்கிறார். அவர்மேல் தப்பே இல்லை. வீடு பற்றி எரிந்தாலும் என் வீட்டுக்காரர் ரைட் என்றுதான் சொல்லியிருப்பார்.

ஜனவரியில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதிதான் சொன்னபடி கேட்கின்றன. அதுகூடப் பரவாயில்லை. இத்தனை வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர், வாய் ஓயாமல் பேசியே பிழைத்தவர் — எல்லாச் சொல்லும் போய் 'ரைட்' ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. பசித்தால் ரைட். வலித்தால் ரைட். என்னைக் கூப்பிடவும் அதேதான். தரையைத் துடைத்துக்கொண்டே அழுதேன். கதவோரம் நின்று பார்த்துவிட்டு அதற்கும் ஒரு ரைட் சொன்னார். போங்க உள்ள, என்று எரிந்து விழுந்தேன்.

மார்ச் 6, வியாழன்

டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "நாம பேசறது அவருக்கு எவ்வளவு புரியுதுன்னு இப்ப உறுதியா சொல்ல முடியாதும்மா." திரும்பி வரும் வழியெல்லாம் இவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. உள்ளே ஆள் இருக்கிறாரா?

மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தன் வந்திருந்தார். நல்ல மனுஷன். ஆஸ்பத்திரியில் அண்ணனைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக் குளிப்பாட்டியவர். ஆனால் இன்று பேச்சு வேறு. "அண்ணி, ஸ்கூலை மூடிடலாம். ரெண்டு வண்டியையும் எடுத்துக்க ஆள் இருக்கு. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

அண்ணனைக் கேட்டீங்களா என்றேன்.

"கேட்டேனே. ரைட்டுன்னுட்டாரு." அதோடு விட்டிருக்கலாம். அவர் எதிரிலேயே, குரலைக்கூடத் தாழ்த்தாமல், "அவருக்கு என்னண்ணி புரியப் போகுது?" என்றார்.

இவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுரீரென்றது. சண்டை போட்டிருக்கணும். போடல. ஏன் போடல? எனக்கும் அதே சந்தேகம் இருக்கே. அதான்.

மார்ச் 13, வியாழன்

பேச்சுப் பயிற்சி டீச்சர் வந்தார். பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார், இவர் பேர் சொல்ல வேண்டும். கோப்பை — ரைட். சாவி — ரைட். நாய் — ரைட். அடுத்த அட்டையில் ஒருவன் கார் ஓட்டுகிறான். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறது. இவர் அதை உற்றுப் பார்த்தார். பிறகு, "ரைய்ய்ட்டு" என்றார், மூக்கால் இழுத்து.

அந்த இழுப்பு எனக்குத் தெரியும்! கியரை மாற்றாமலே மேட்டில் ஏற்றப் பார்க்கிறவர்களிடம் "ஆஹா, உருப்பட்ட மாதிரிதான்" என்பாரே, அதே இழுப்பு. மனுஷன் கேலி பண்றாரு! டீச்சர் "வெரி குட் சார்" என்று அடுத்த அட்டைக்குப் போய்விட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

காதைத் தீட்டிக்கொண்டு திரிகிறேன். கதவு தட்டும் சத்தம் கேட்டால் வருகிற ரைட் மேலே ஏறி நிற்கிறது. போய்ப் பார் என்கிறது. காபியில் சர்க்கரை குறைந்தால் நாக்கு அந்தக் கடைசி எழுத்தில் ஒட்டிக்கொண்டு பிரியவே மாட்டேன் என்கிறது. மகள் வெளியூரிலிருந்து போனில் பேசும்போது சொல்கிறாரே, அது கிட்டத்தட்டப் பாட்டு. இத்தனை நாளும் இதெல்லாம் என் காதில் ஒன்றாகவா விழுந்தது? காது இருந்து என்ன பிரயோஜனம்!

மகளின் பழைய ஆங்கில அகராதியை எடுத்துப் பிரித்தேன். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் போதாமல் அடுத்த பக்கமும் ஓடுகிறது. சரி, வலது, நியாயம், உரிமை — இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உடனே என்பதற்கும் அதுவாம். நேரே என்பதற்கும், நட்டநடுவில் என்பதற்கும், உடம்பு சுகமாக இருக்கிறது என்பதற்கும் அதுவேதான். கவிழ்ந்த படகை நிமிர்த்துவதற்கும் அதே சொல்லாம். அம்மாடி! அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. நம் வாயில் மட்டும் என்ன குறைச்சல்? ரைட்டு கிளம்பலாம், ரைட்டு விடு, ஓஹோ ரைட்டு ரைட்டு... இத்தனை பேர் குடியிருக்கும் வீட்டையா நான் ஒற்றை அறை என்று நினைத்தேன்?

மார்ச் 18, செவ்வாய்

குளிக்கும்போது நானே சொல்லிப் பார்த்தேன். எனக்கு மூன்று விதம்தான் வருகிறது. அதில் ஒன்று ரொம்பக் கேவலம்.

மார்ச் 21, வெள்ளி

நேரடியாகவே கேட்டுவிட்டேன். "ஸ்கூலை மூடிடலாமாங்க?"

சொன்னார். ஆனால் அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சரி என்கிறாரா, கூடாது என்கிறாரா, கேள்வியே போய்ச் சேரவில்லையா? நான் கண்டுபிடிச்சதெல்லாம் வெறும் என் ஆசைதானா? மாசக் கடைசி நெருங்கிடுச்சே, நான் என்னன்னு பதில் சொல்றது?

நான் இப்படி விழித்துக்கொண்டிருக்க, அவர் எழுந்தார். கைத்தடியை ஊன்றி ஊன்றி வாசலுக்குப் போனார். ஸ்கூல் காரின் இடது கதவைத் திறந்து, சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இறங்கச் சொன்னால் இறங்கவில்லை. சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

தூக்கம் சொக்கினாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

"தம்பி, ஒரே ஒரு காலை நேரத்தை எனக்காக ஒதுக்குங்க" என்று கொழுந்தனைக் கூப்பிட்டேன். முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். மூடிக் கிடக்கும் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற மைதானத்துக்கு அவரே காரை ஓட்டி வந்தார். பிறகு அவர் பின்சீட்டுக்குப் போக, நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். லைசென்ஸ் எனக்கு உண்டு, கல்யாணமான புதிதில் இவர் எடுத்துக் கொடுத்தது. அதோடு சரி, வண்டியைத் தொட்டதில்லை. பக்கத்தில் இவர். இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, ஸ்கூல் வண்டி அல்லவா? இடது கால் தெம்பாகத்தான் இருக்கிறது. ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் 'பிரேக் சார்' என்று பேர் வைத்ததே அந்தக் காலுக்குத்தான்.

"ரைட்" என்றார், வெட்டினாற்போல. சாவியைத் திருப்பினேன். "ரைய்ய்ய்..." என்று இழுத்துக்கொண்டே இருந்தார். நானும் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சொல்லை முடித்த இடத்தில் வண்டி நகர்ந்தது. ஒரு குலுக்கல் இல்லை! பிறகு ரைட், ரைட் என்று தாளம் போட்டார், வேகம் கூட்டினேன். ஒரு தடவை சொல்லைப் பாதியில் நறுக்கினார், கை தானாக கியருக்குப் போனது. மைதானத்தின் மூலை வந்தது. அடிக்குரலில், உருட்டினாற்போல ஒரு ரைட். திருப்பினேன். திருப்பி முடித்து நேராக வந்த பிறகுதான் உறைத்தது: அவர் சொன்னது ரைட். நான் திரும்பியது இடது பக்கம். மைதானத்தில் அந்தப் பக்கம்தான் வழியே இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. நான் பார்ப்பதற்கு முன்னால் அவர் கால் மிதித்துவிட்டது. வண்டி நின்றது. நாய் அதன்பாட்டுக்குப் போனது. நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். இடது கையை என் முதுகில் வைத்து, மெதுவாக, மூச்சோடு மூச்சாக ஒரு ரைட் சொன்னார். என் மாமியார் செத்த அன்றைக்கு நான்தான் இவர் முதுகில் கைவைத்து 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்றேன். இன்று அதை எனக்குச் சொல்கிறார். இந்த மனுஷனையா, இவரையா உள்ள இல்லன்னு நெனச்சேன்! பாவி.

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "அண்ணி... ரைட்டுன்னு சொன்னா நீங்க எப்படி லெப்ட்ல திரும்பினீங்க?"

"தெரியல தம்பி. அவர் லெப்ட்டுன்னுதான் சொன்னாரு."

மார்ச் 24, திங்கள்

வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கொழுந்தன் வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ஜனவரிக்குப் பிறகு அவர் அண்ணன் கண்ணைப் பார்த்துப் பேசியது இன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"அண்ணே, நிஜமா கேக்கறேன். ஸ்கூலை மூடிடவா?"

"ரைட்!"

அலமாரியில் பாத்திரம் அதிர்ந்தது. கொழுந்தன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "சரிண்ணே, சரிண்ணே. மூடல. நான் ஒண்ணும் கேக்கல, விடுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "யப்பா, சின்ன வயசுல சைக்கிளை எடுத்ததுக்கு இப்படித்தான் கத்துவாரு" என்றார். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் முகத்தில் சிரிப்பு. வலது பக்கம் கொஞ்சம் பின்தங்கி வரும் சிரிப்பு. கடைக்கு நேரம் கழித்துப் போய்த் திட்டு வாங்கினேன். போகட்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

டாக்டர் காலையும் கண்ணையும் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு, மைதானத்துக்குள்ளே மட்டும் சொல்லிக்கொடுக்கலாம் என்று சம்மதித்தார். ரோட்டு வகுப்பைக் கொழுந்தன் பார்த்துக்கொள்வாராம். இவர் அதற்கு ஒரு ரைட் சொன்னார். அதை நான் டாக்டருக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

ஜனவரியில் வகுப்பு பாதியில் நின்றுபோன பேக்கரிக்காரம்மா இன்று திரும்ப வந்தார். "சார் சொல்றது எனக்குப் புரியுமா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். நான் பின்சீட்டில் இருக்கேன், எடுத்துச் சொல்றேன் என்றேன். முதல் சுற்றில் இரண்டு இடத்தில் சொன்னேன். மூன்றாவது இடத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மாவே பிரேக்கை மிதித்துவிட்டார். அப்புறம் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் வழியே வெயில் இதமாக விழுந்துகொண்டிருந்தது. தூங்கிப் போனேன்.

கண் விழித்தபோது வண்டி மைதானத்து ஓரம் மரத்தடியில் நின்றிருந்தது. இன்ஜினை அணைத்திருந்தார்கள். என்னை எழுப்பிவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்தி, முன்சீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.