உன் அக்காவும் கை தூக்கினாள்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை, தூக்கமே வரவில்லை என்று நீயே எழுதிவிட்டாய். அக்காவைக் காப்பகத்திலிருந்து திரும்பக் கூட்டி வந்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். நன்றாக இருக்கிறதடா ராசா உன் நியாயம். ஒருத்திக்காக அஞ்சு பேர் ஏம்மா அழணும், அதிகம் பேருக்கு எது சந்தோஷமோ அதுதான் சரி என்று சொன்ன வாய்தானே இது? டிவியில் எதைப் பார்ப்பது என்று சாப்பாட்டு மேஜையில் கை தூக்கி முடிவு செய்யும் பழக்கத்தை இந்த வீட்டுக்குக் கொண்டு வந்தவனே நீதான். விளையாட்டாகத்தான் இருந்தது. அதே மேஜையில் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது, அவளைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடலாமா என்று வீடியோ காலில் கேட்டாய். அப்பா தூக்கினார், உன் தம்பி தூக்கினான், அவன் பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தூக்கினாள். ஊர் செய்வதையெல்லாம் தானும் செய்கிறவள் உன் அக்கா, ஆள் வளர்ந்தாளே தவிர மனசு வளரவில்லை என்று உனக்குத் தெரியாதா? சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினாள். பாருங்க, அவளுக்கே சம்மதம் என்றாய். நான் குழம்புச் சட்டியோடு நின்றிருந்தேன், என்னை யாரும் கேட்கவில்லை.

வயிற்றெரிச்சலில் பொய் சொல்ல மாட்டேன், நீ சொன்னது பலித்துவிட்டது. கூச்சல் இல்லை, குழந்தை அசந்து தூங்குகிறது, தம்பி பெண்டாட்டி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள், அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று டாக்டரே மெச்சினார். நானும்தான் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். பிறகு அவளைப் பார்க்கப் போனேன். பேன் என்று சொல்லி முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கிளம்பும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். அங்கே வேலை பார்க்கிறவள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அது உன் கணக்கில் எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்டதை வீட்டில் சொன்னேன், யாருக்கும் இஷ்டமில்லை. கெட்டவர்கள் இல்லையடா, தூங்கிப் பழகிவிட்டார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும், உனக்கு வந்திருக்கிறது. நீ ஒருத்தன் தூங்காததற்காக இத்தனை பேர் ஏன் அழ வேண்டும்? அதனால் அவள் வர மாட்டாள், நான் போகிறேன். காப்பகத்துச் சமையலுக்கு ஆள் வேண்டுமாம், அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுக்க இடம் தருகிறார்கள். திங்கட்கிழமை போய்விடுவேன். அப்பாவுக்கு இன்சுலின் ஊசி யார் போடுவது, குழந்தையை யார் பார்ப்பது, சமைப்பது யார் என்று உடனே கேட்பாய், எனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்க மாட்டாய். தம்பி பெண்டாட்டி வேலையை விட வேண்டிவரும், பாவம், அழுவாள். அழட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இரு. எனக்குப் பிறகு அவளுக்கு ஒருத்தன் வேண்டும், அதற்காகத்தான் இந்த ஆசீர்வாதம். நான் போவதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை, நான் போன அன்று நீயே கூப்பிட்டுச் சொல்லிவிடு, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அக்காவின் அம்மா