நாற்பது நிமிட நீலம்

அன்புள்ள வாயாடிக்கு,

நலம்தானே? இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த நீலத் துணித்துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பதினெட்டு வருடம் ஆகியும் சாயம் போகவில்லை. வாடிக்கையாளர் கேட்ட நீலத்தைவிட இன்னும் இரண்டு படி கறுப்புதான்.

சாயப்பட்டறையில் நம் பழைய கணினி போன மாதம் உயிரை விட்டது. நாம் எழுதிய நிரல் மட்டும் பிழைத்தது. பழைய இயந்திரத்தைப் போல அச்சு அசலாக நடிக்கும் மெய்நிகர் கணினி ஒன்றைப் புதிய கணினிக்குள் செய்து, அதில் நிரலை ஓட்டச் சொன்னார்கள். எல்லாம் ஒழுங்காக நடித்தது. கடிகாரம்தான் படுத்தியது.

பாடப்புத்தகம் இன்டரப்ட் என்றதை நீ தட்டல் என்பாய். "நொடிக்கு நூறு தடவ கடிகாரம் நம்ம தோள்ல தட்டும்டி. எண்ணிக்கிட்டே இருந்தா நேரம் தெரிஞ்சிரும், அவ்ளோதான்" என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டுவாய். அந்தக் குளிர்பதன அறையில் ஒரே சால்வையை இருவரும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, நீ கடிகாரப் பகுதியும், நான் சாயத்தொட்டியின் சூட்டை நிமிடத்துக்கொரு முறை கணினியின் வட்டில் பதியும் பகுதியும் எழுதினோம். நான் பேசாமலிருந்தால், "ஊமைக்கோட்டான், வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமா?" என்று இடிப்பாய். இப்போது அறையில் குளிர் குறைவு. சால்வைக்கு வேலையில்லை.

புதிய கணினிக்கு ஆயிரம் வேலை. அது வேறெதிலோ மூழ்கும்போது தட்டல்கள் விட்டுப்போகலாம். அதனால் நிரலின் கைக்குச் சேராத தட்டல்களை எண்ணிவைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கொடுக்கும்படி செய்தேன். எண்ணிப் பார்த்தால், சொல்லிவைத்தாற்போல் நிமிடத்துக்கு ஒரு தடவை நானூறு தட்டல் காணோம். புதிய கணினியைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. நிமிடத்துக்கு ஒரு தடவை நடப்பது என் பதிவு. அதை நிறுத்திப் பார்த்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

வட்டில் எழுத நாலு நொடி ஆகும். அதுவரை எவர் கூப்பிட்டாலும் காதைப் பொத்திக்கொள் என்று எழுதியிருந்தேன். உன் தட்டல்களும் அதில் போயின. நாற்பது நிமிடம் சாயத்தில் ஊற வேண்டிய நூல் ஏறக்குறைய நாற்பத்து மூன்று நிமிடம் ஊறி, இரண்டு படி கறுத்தது.

உன் கடிகாரத்தில் குறையே இல்லையடி.

"நேரத்தப் பாத்துக்கிட்டது யாரு?" என்று அன்று மேலாளர் கத்தியபோது எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சத்தியமாக அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் என் பகுதியையும் ஒரு தரம் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மறுநாள் உன் நாற்காலியில் சால்வை மட்டும் மடித்து வைத்திருந்தது.

நீ போன பிறகு நாற்பதை முப்பத்தேழாக மாற்றி ஓட்டினார்கள். "இந்தக் கடிகாரம் பிந்தும், எழுதியவர் கோளாறு" என்று யாரோ எழுதிய குறிப்பு நிரலுக்குள் இன்னும் இருக்கிறது. சாயக்காரர் இன்றும் புதிதாக வருபவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்.

விட்டுப்போன தட்டல்களைப் பழையபடியே விட்டுவிட்டால் முப்பத்தேழிலேயே ஓடும். யாருக்கும் எதுவும் தெரியாது. இப்போதைய மேலாளரும், "ஓடினா போதும் மேடம், எதுக்குக் கிளறிக்கிட்டு?" என்கிறார். அடுத்த மாதம் எனக்குத் தலைமைப் பொறுப்பு என்றும் பேச்சு.

திங்கட்கிழமை, தட்டல் ஒன்றும் விடாமல் கொடுக்கவைத்து, நாற்பதைத் திரும்ப எழுதப்போகிறேன். அந்தக் குறிப்பை அழித்து, கோளாறு யாருடையது என்று என் பெயரோடு எழுதுவேன். பிறகு சாயக்காரர் உட்பட எல்லோரையும் கூட்டி வாயாலும் சொல்லுவேன். வீட்டில் அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

துணித்துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். சால்வை என்னிடம்தான் இருக்கிறது. உன் பழைய முகவரிக்குத்தான் அனுப்புகிறேன்; நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு. திட்டியாவது நாலு வரி எழுது.

உன்,
ஊமைக்கோட்டான்